மைல் எண்ணுறவங்களும் மைல் நடந்தவங்களும்

"இலவசமாப் பறந்தேன்" என்று யாராவது எழுதினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அப்போ காசு கட்டினது யாரு?

கொஞ்ச நாளாக நம்ம டைம்லைன் முழுக்க இந்தப் பேச்சு. எந்தக் கிரெடிட் கார்ட் எடுத்தால் எத்தனை மைல், எந்த எயார்லைன்ஸில் சேர்த்து எதில் செலவழிப்பது, எத்தனை மாதத்துக்கு முன் புக் பண்ணினால் பிஸ்னஸ் கிளாஸ் கிடைக்கும். வீடியோ போடுறவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு ஜூஸ் கிளாஸோடு சிரிக்கிறார். கீழே நம்ம பொடியன்கள் "அண்ணா, எங்களுக்கும் சொல்லித் தாங்க" என்று வரிசையில் நிற்கிறார்கள். சொல்லித் தருவதில் பிழை இல்லை. கணக்கில் கெட்டிக்காரராக இருப்பதும் குற்றமில்லை. எனக்குச் சண்டை அந்த "இலவசம்" என்ற சொல்லோடு மட்டும்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மாத்தளை மாவட்டத்து லயங்களிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போன ஆயிரக்கணக்கான பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் பறந்த மைல்களை யாரும் எண்ணவில்லை.

முதலில் இந்த யாவாரம் எப்படி நடக்குது என்று பார்ப்போம்.

1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். போட்டி கூடியது. வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே 1ஆம் திகதி ஒரு திட்டத்தைத் தொடங்கியது: எங்களோடு எவ்வளவு தூரம் பறக்கிறீங்களோ அவ்வளவு மைல் உங்கள் கணக்கில். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இன்றைக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு ஃப்ளைஸ்மைல்ஸ், எமிரேட்ஸுக்கு ஸ்கைவர்ட்ஸ், கட்டாருக்கு ஏவியோஸ். ஸ்ரீலங்கன் 2014 மே 1ஆம் திகதி வன்வேர்ல்ட் என்ற உலகக் கூட்டணியிலும் சேர்ந்தது. இரண்டு திகதியையும் கவனிங்க. இரண்டும் மே தினம். அந்த நாளில் தொழிலாளிக்கு என்று யாரும் எதையும் தொடங்கவில்லை, அதை வேற சொல்லணுமா?

மைல் என்று பேர் இருந்தாலும் இப்போது அது தூரத்தை மட்டும் அளப்பதில்லை. அளக்கிறது காசை. ஒரே விமானம், ஒரே ஒன்பது மணித்தியாலம், ஒரே வரிசை. ஆனால் டிக்கட்டின் வகையைப் பார்த்து ஒருவருக்கு முழு மைல், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அதில் ஒரு துண்டு, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுக்கதை இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்களே, அதே கணக்கு. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் சம்பளம். தோட்டத்தில் அரைப்பேராவது போட்டார்கள். வானத்தில் அவளுக்குப் பேரே இல்லை.

இனி கார்ட் கதை. பறக்காமலே மைல் சேர்க்கலாம், சாமான் வாங்கினாலே போதும் என்கிறார்களே, அந்த மைல் எங்கிருந்து வருது? வங்கி அதை எயார்லைன்ஸிடம் காசு கொடுத்து மொத்தமாக வாங்குகிறது. கார்ட் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் ஒரு வீதத்தைக் கட்டணமாகக் கட்டுகிறார், வங்கியின் செலவில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. கடைக்காரர் அதைத் தன் பையிலிருந்தா போடுவார்? விலையில் ஏற்றுவார். அந்த விலையைக் கார்ட் இல்லாதவரும் அதே கவுண்டரில் கட்டுகிறார். அமெரிக்காவில் பொஸ்டன் மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 149 டொலரைத் தெரியாமலே கார்ட் பாவிக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. கார்ட் குடும்பம் ஒன்று 1133 டொலரைப் பெறுகிறது. அது அமெரிக்கக் கணக்கு, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தண்ணி ஓடுற திசை ஒன்றுதான். சூப்பர்மார்க்கட்டில் சில்லறை எண்ணிப் பருப்பு வாங்கும் அம்மா, பின்னால் கார்டோடு நிற்கும் ஐயாவின் சிங்கப்பூர் பயணத்துக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறார்.

இதெல்லாம் சின்னக் காசு என்று நினைக்காதீங்க. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது அமெரிக்க நிறுவனங்கள் எதை அடகு வைத்துக் கடன் வாங்கின தெரியுமா? மைல் திட்டத்தை. யுனைட்டட் தன் மைலேஜ்பிளஸ்ஸை ஈடு வைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. டெல்டா ஸ்கைமைல்ஸை வைத்து 9 பில்லியன் திரட்டியது. அந்த நேரம் யுனைட்டட்டின் மைல் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு, பங்குச்சந்தையில் முழு நிறுவனத்துக்கும் இருந்த மதிப்பை விடக் கூட. பறக்கிற யாவாரத்தை விட மைல் விற்கிற யாவாரம் பெருசு.

இந்த யாவாரத்தில் இன்னொரு இரகசியம் இருக்கு. எல்லாரும் மைலைப் பாவித்துவிட்டால் கட்டுப்படியாகாது. கொஞ்சப் பேர் மறக்க வேண்டும், கொஞ்சப் பேருடையது காலாவதியாக வேண்டும். ஸ்கைவர்ட்ஸில் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். பாவிக்காமல் அழிந்துபோகும் மைலை முன்கூட்டியே மதிப்பிட்டுத்தான் நிறுவனங்கள் கணக்கெழுதுகின்றன. நேற்று 20,000 மைலுக்குக் கிடைத்த சீட்டுக்கு நாளைக்கு 30,000 கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. யாரையும் கேட்கத் தேவையில்லை. "இலவச" டிக்கட்டுக்கும் வரியையும் மேலதிகக் கட்டணத்தையும் காசாகவே கட்ட வேண்டும். ஆக, கெட்டிக்காரன் சேர்க்கும் மைல் என்பது மறந்தவனுடைய மைலும் கேட்காதவளுடைய மைலும் சேர்ந்ததுதான்.

கேட்காதவள் யாரு? இனி மாத்தளைக்கு வருவோம்.

இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ பக்கம் போய் ஏதாவது ஒரு லயத்தில் நின்று கேளுங்க, "இங்க யாரு வெளிநாடு போயிருக்காங்க?" என்று. கை காட்டாத வீடு குறைவு. சவூதி, குவைத், கட்டார், டுபாய். 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் பெரும்பான்மை வீட்டுப்பணிப்பெண்கள். இப்போது ஆண்களின் தொகை கூடிவிட்டாலும் தோட்டத்திலிருந்து போகிறவளின் கதை பெரிதாக மாறவில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் வந்தது. அந்த ஆயிரத்துக்கே வருடக்கணக்கில் தெருவில் நின்றோம். அதை வைத்துப் பிள்ளையை டியூசனுக்கு அனுப்ப முடியாதவள்தான் பாஸ்போர்ட் எடுக்கிறாள்.

என் சித்தி ஒருத்தி குவைத்தில் பதினொரு வருடம் இருந்தார். நாலு தடவை போய் வந்தார், அதாவது எட்டுப் பயணம். கட்டுநாயக்கவிலிருந்து குவைத்துக்கு நேரே பறந்தாலே சுமார் 2500 மைல். பெருக்கிப் பாருங்க, 20,000 மைல். "சித்தி, உங்க மைல் எல்லாம் எங்க?" என்று கேட்டேன். "என்னா மைலு?" என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அம்மா செத்தப்ப வந்திருக்கலாமா புள்ள?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் நேரான பதில் இருக்கவில்லை. பாட்டி செத்தபோது அவசர டிக்கட்டின் விலை சித்தியின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். வீட்டுக்காரர் தர மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாம் நாள் சடங்கை வட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். அவர் பறந்த தூரத்துக்கு முழு மைல் போட்டிருந்தால், ஒரு வழி டிக்கட்டுக்குக் கிட்டவாவது வந்திருக்கும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உடனே ஒருவர் வருவார்: "டிக்கட்டுக்குக் காசு கட்டினது அவங்க இல்லையே? ஏஜென்சியும் வீட்டுக்காரரும்தானே?" சரி. கம்பனிக் காசில் கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் பறக்கும் மெனேஜருக்கு மைல் யார் கணக்கில் விழுது? அவர் கணக்கில். டிக்கட்டை யார் வாங்கினாலும் மைல் சீட்டில் இருந்தவருக்கு என்பதுதான் இந்தத் திட்டங்களின் பொது விதி. மெனேஜருக்கு ஒரு விதி, சித்திக்கு ஒரு விதி என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதாமலே நடக்குது.

இன்னொருவர் வருவார்: "சேருவது இலவசம்தானே? இன்டர்நெட்டில் அஞ்சு நிமிசம். அவங்க சேராதது யார் பிழை?" எப்படிச் சேருவாங்க? படிவம் ஆங்கிலத்தில். ஈமெயில் முகவரி வேணும். டிக்கட் போடும் நேரமே அங்கத்துவ இலக்கத்தைக் கொடுக்க வேணும், ஆனால் டிக்கட் போடுறது ஏஜென்சி. அவளுக்கு டிக்கட் கையில் கிடைப்பதே பறக்கும் நேரத்தில். போய் இறங்கினதும் பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிற கதை கபாலா முறை நடக்கும் நாடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பிறகு மைல் கேட்டு விண்ணப்பிக்கப் போர்டிங் பாஸ் துண்டு வேணும், அதுவும் சில மாதத்துக்குள். சொந்தப் பாஸ்போர்ட் கையில் இல்லாதவளிடம் போர்டிங் பாஸ் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தியா என்று கேட்கும் ஒழுங்கு இது. கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்கிறார்கள். படிக்கட்டைக் கழற்றி வைத்திருப்பதைச் சொல்வதில்லை.

மாத்தளைக்கும் மைலுக்கும் உள்ள உறவு விமானத்தோடு தொடங்கினதும் இல்லை. கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்கள் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். நூறு மைலுக்கு மேல். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. எண்ணினது வேறொன்றை. கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் முதல் நாளே கடனாக எழுதப்பட்டது. தோட்டம் மாறினால் அந்தக் கடன் "துண்டு" என்ற கடதாசியில் பின்னாலேயே வந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

1900களின் தொடக்கத்தில் தகர டிக்கட் வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சின்னத் தகர வில்லை. அதைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கேட்க மாட்டார்கள், செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். இந்தத் தீவில் நம்ம ஆட்களுக்குக் கிடைத்த முதல் "இலவசப் பயணம்" அதுதான். அந்த இலவசத்துக்கு எத்தனை தலைமுறை கொழுந்து பறித்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் "இலவச டிக்கட்" என்று கேட்டதும் மலையகத்துப் பிள்ளைக்குக் காது கொஞ்சம் விடைக்கணும்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் ஞாபகம் இருக்கா? "மாண்புமிகு மலையக மக்கள்" என்று பதாகை பிடித்து அந்தப் பழைய வழியில் பதினாறு நாள் போனார்கள். அந்த நடை கேட்டது இதைத்தான்: நாங்க வந்த தூரத்தை எண்ணுங்க. வீட்டையும் காணியையும் சம்பளத்தையும் கேட்ட அந்தக் கோரிக்கைகளுக்கு முன்னால் விமான மைல் தூசு. ஆனால் எந்தத் தூரம் கணக்கில் ஏறும், எந்தத் தூரம் ஏறாது என்று தீர்மானிக்கும் கை இரண்டிலும் ஒன்றுதான்.

அடுத்தது அரசு. ஸ்ரீலங்கன் அரசாங்கத்தின் எயார்லைன்ஸ். 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கியது. 1998இலிருந்து எமிரேட்ஸ் நிர்வகித்தது. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து வரும் விமானத்தில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவுக்காக, ஏற்கெனவே டிக்கட் எடுத்திருந்த பயணிகளை இறக்கச் சொன்னபோது நிர்வாகம் மறுத்தது. தலைமை அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் போய்விட்டது. இந்த நாட்டில் உண்மையான பிளாட்டினம் அங்கத்துவம் எது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதற்குப் பிறகு பல வருடம் நட்டம். அந்த நிறுவனத்தின் 175 மில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்குப் பொறுப்பு நின்றது திறைசேரி. திறைசேரி என்றால் யாரு? 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் கட்டும் எல்லாரும். அதே காலத்தில் நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தது யாரு? 2022இல் நாடு வங்குரோத்தானபோது மந்திரிமார் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் "வங்கி வழியாக அனுப்புங்க" என்று கெஞ்சினார்கள். அனுப்பினார்கள். 2022இல் 3.8 பில்லியன் டொலருக்கு விழுந்த தொகை 2023இல் கிட்டத்தட்ட 6 பில்லியன் ஆனது, 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. அப்படி அனுப்பியவர்களுக்கு அரசு கொடுத்த சலுகைகளில் ஒன்று மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி! லயத்துக்கு மேலே ஏறும் பாதையில் முச்சக்கர வண்டியே மூச்சு வாங்குது. அங்கே யாருக்கு மின்சாரக் கார்?

புலம்பிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

ஒன்று, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சட்டப்படி போகும் ஒவ்வொருவரின் பேரும் பாஸ்போர்ட் இலக்கமும் அதனிடம் இருக்கு. எயார்லைன்ஸ் அரசுடையது, பணியகமும் அரசுடையது. பதிவு செய்யும் அதே நேரத்தில் ஃப்ளைஸ்மைல்ஸ் இலக்கத்தையும் கொடுத்து டிக்கட்டில் சேர்க்க என்ன தடை? தமிழில் சிங்களத்தில் ஒரு கடதாசி, ஒரு இலக்கம். ஏஜென்சி எந்த வகை டிக்கட் போட்டாலும் தொழிலாளிக்கு முழுத் தூரம் கணக்கில் ஏற வேண்டும். ஒப்பந்தம் முடியும் வரை காலாவதி ஆகவும் கூடாது.

இரண்டு, மைலை நம்பி இருக்கவும் கூடாது. மைல் நாளைக்கே மதிப்பிழக்கும் காசு என்று மேலே சொன்னேன். வீட்டில் சாவு விழுந்தால் வந்து போக ஒரு அவசர டிக்கட், உரிமையாக, பணியகத்தின் காப்புறுதியில் எழுதப்பட வேண்டும். மைல் கையில் இருந்தால் கூடுதல் வசதி. உரிமை எழுத்தில் இருந்தால்தான் சித்தி வீட்டுக்காரரிடம் கெஞ்சத் தேவையில்லை.

மூன்று, அரச காசில் பறக்கும் அமைச்சர், செயலாளர், அதிகாரி எல்லாருடைய மைலும் அரசுக்கே சேர வேண்டும். இது புதுசும் இல்லை. ஜெர்மனியில் 2002இல் அரச பயணத்தில் சேர்த்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பாவித்தார்கள் என்று வெளிவந்தபோது கிரெகோர் கீசி பெர்லின் மாநில அமைச்சர் பதவியையே விட்டார். இந்தியாவிலும் அலுவலகப் பயணத்தின் மைல் அலுவலகப் பயணத்துக்கே என்று விதி உண்டு. இங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்ம கையில் இருக்கு. அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்க: கடந்த ஐந்து வருடத்தில் அரச செலவில் பறந்தவர்கள் சேர்த்த மைல் எத்தனை, அது இப்போது யார் கணக்கில்? கெம்பஸில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறோமே, இதைவிட நல்ல அசைன்மென்ட் கிடைக்காது.

நாலு, நமக்கு. பாயிண்ட்ஸ் கணக்கில் கெட்டிக்காரராக இருக்கிற பொடியன்களே, பிள்ளைகளே: அந்தக் கெட்டித்தனத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குக் கொண்டுபோங்க. அடுத்த மாதம் பறக்கப்போகிற அக்காவுக்கு ஒரு ஈமெயில் திறந்து, அங்கத்துவ இலக்கம் எடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே பேரைப் பதிந்து, கடதாசியில் எழுதிக் கொடுங்க. பாஸ்வேர்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஏஜென்சிக்காரரிடம் "இந்த நம்பரைப் போடுங்க" என்று அவர் கேட்கட்டும். ஏஜென்சிக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். போர்டிங் பாஸை அந்த இடத்திலேயே ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. அரைமணித்தியால வேலை.

இதனால் யாரும் பிஸ்னஸ் கிளாஸில் குவைத் போகப் போவதில்லை. வன்வேர்ல்ட் கூட்டணியில் மேல்தட்டு அங்கத்துவங்களுக்கு ரூபி, சபையர், எமரல்ட் என்று கல்லின் பேர் வைத்திருக்கிறார்கள். சபையர் என்றால் நம்ம நீலக்கல். இரத்தினபுரிக் குழிக்குள் இறங்கி நீலம் எடுக்கிறவருக்கு நீலம் சொந்தமில்லாத நாட்டில், சித்திக்கு யாரும் சபையர் அட்டை நீட்டப்போவதில்லை. எனக்கும் அந்த அட்டை முக்கியமில்லை. அவர் போன தூரம் அவர் பேரில் ஒரு இடத்தில் எழுதப்பட வேண்டும். முழுப்பேராக.